கல்லூரி நூலகங்களின் கூட்டமைப்பும் வளப் பகிர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூலக மேசைக்கு முன் வந்து நிற்கும் முனைவர் பட்ட மாணவர்களும், மதிப்பீட்டுக் குழு வருவதற்கு முந்தைய வாரம் அவசரமாகத் தொலைபேசியில் அழைக்கும் பேராசிரியர்களும், புதிதாகப் பணியில் சேர்ந்த நூலகர்களும் நூலகக் கூட்டமைப்புகளைப் பற்றி ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் எழுப்புகிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட வாய்மொழியிலேயே வைத்து, விடைகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னரும் வருகின்றன.

"கன்சார்ட்டியம், கன்சார்ட்டியம் என்கிறார்களே, அது என்ன சார், ஒரு வெப்சைட்டா?"

இணையதளம் அதற்கான நுழைவாயில் மட்டுமே. பல நூலகங்கள் தத்தம் நிர்வாகத்தைத் தனியாகவே வைத்துக்கொண்டு, தனியாகச் செய்தால் கட்டுப்படியாகாத சில வேலைகளை மட்டும் கூடிச் செய்வதற்காக ஏற்படுத்திக்கொள்ளும் அமைப்பைத்தான் நூலகக் கூட்டமைப்பு என்கிறோம். அந்த வேலைகளில் முக்கியமானவை மூன்று: பதிப்பகங்களிடம் ஒரே குரலில் விலை பேசுவது, எந்த நூலகத்தில் என்ன இருக்கிறது என்பதைக் காட்டும் கூட்டு நூற்பட்டியலைப் பராமரிப்பது, ஒரு நூலகத்தில் இல்லாததை இன்னொன்றிலிருந்து இரவல் பெற்றுத் தருவது.

1967 இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 54 கல்லூரிகளுக்காகத் தொடங்கப்பட்ட ஓ.சி.எல்.சி. என்ற அமைப்பு முதலில் கையில் எடுத்தது இரண்டாவது வேலையைத்தான். ஒரே நூலுக்கு ஐம்பது நூலகங்களில் ஐம்பது பேர் உட்கார்ந்து தனித்தனியே பட்டியல் அட்டை எழுதுவானேன் என்று யோசித்து, ஒருவர் உருவாக்கிய பதிவை மற்றவர்கள் கணினி வழியே எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை 1971 இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். விலை பேசும் வேலை மின்னிதழ்கள் பெருகிய பிறகே முன்னுக்கு வந்தது. நம் நாட்டில் இன்று அந்த ஒன்றை மட்டுமே கூட்டமைப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். மற்ற இரண்டும் மெலிந்துவிட்டன என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைப் பின்னால் வரும் சில விடைகளில் காணலாம்.

"ஒவ்வொரு காலேஜும் தனக்கு வேண்டிய ஜர்னலைத் தானே வாங்கிக்கொண்டால் என்ன கெட்டுவிடும்?"

கெடுவது கல்லூரியின் நிதிநிலைதான். பாடநூல் என்றால் ஒன்று விலை கூடினால் இன்னொன்றை வாங்கலாம். ஆய்விதழுக்கு அப்படி மாற்று கிடையாது. ஒரு வேதியியல் இதழில் வந்த கட்டுரையை இன்னொரு வேதியியல் இதழ் ஈடுசெய்யாது. இதனால் பதிப்பகம் ஆண்டுதோறும் விலையை ஏற்றினாலும் நூலகம் பேரம் பேச வழியின்றி நிற்கிறது. 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டபோது, டாலரிலும் பவுண்டிலும் விலை குறிக்கப்பட்ட வெளிநாட்டு இதழ்களுக்கான செலவு திடீரென உயர்ந்தது. பல பல்கலைக்கழக நூலகங்கள் பழைய சந்தாக்களை வெட்ட வேண்டியதாயிற்று. அந்த ஆண்டுகளின் இதழ்த் தொகுதிகள் வரிசையில் விடுபட்டிருப்பதை இன்றும் பல அடுக்குகளில் பார்க்கலாம்.

மின்னிதழ் வந்ததும் கணக்கு மாறியது. கூடுதலாக ஒரு கல்லூரிக்கு இதழைத் திறந்துவிடுவதால் பதிப்பகத்துக்கு ஏற்படும் செலவு மிகச் சொற்பம். தனியாக என்றால் ஒருபோதும் சந்தா கட்டியிருக்காத நூறு சிறு கல்லூரிகளைச் சேர்த்து ஒரு தொகை தருகிறோம் என்று கூட்டமைப்பு சொன்னால், பதிப்பகத்துக்கு அது புதிய வருவாய். கல்லூரிகளுக்கோ தனி விலையின் ஒரு சிறு பங்கு.

"இந்தியாவில் இது எப்போது ஆரம்பித்தது? எல்லாம் இன்ஃப்ளிப்நெட்தானா?"

பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. வானியல், வானியற்பியல் ஆய்வு நிறுவனங்களின் நூலகங்கள் 1981 இல் ஃபோர்சா என்ற பெயரில் வளப் பகிர்வுக்கான ஒரு மன்றத்தை அமைத்துக்கொண்டன. துறை சிறியது, நூலகர்களும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதால் அது நிலைத்து நின்றது. 1988 இல் டெல்லியில் டெல்நெட் என்ற நூலக வலையமைப்பு தொடங்கியது. 1992 இல் அது சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது. தொடக்கத்தில் டெல்லி நூலகங்களுக்கானதாக இருந்து, பிறகு நாடு முழுவதும் உறுப்பு நூலகங்களைச் சேர்த்துக்கொண்டது. சென்னை நூலகங்களுக்காக மாலிப்நெட் என்ற வலையமைப்பும் 1990களில் இயங்கியது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் இன்ஃப்ளிப்நெட் 1991 இல் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1996 இல் தன்னாட்சி பெற்ற பல்கலைக்கழகங்களிடை மையமாயிற்று. இப்போது குஜராத்தின் காந்திநகரில் இயங்குகிறது. 2003 இல் இரண்டு பெரிய கூட்டமைப்புகள் பிறந்தன: பல்கலைக்கழகங்களுக்கான யு.ஜி.சி.-இன்ஃபோநெட், பொறியியல், தொழில்நுட்ப நிறுவனங்களுக்காக டெல்லி ஐ.ஐ.டி.யைத் தலைமையிடமாகக் கொண்ட இன்டெஸ்ட். கல்லூரிகளுக்கு வழி திறந்தது 2010 மே மாதம் தொடங்கிய என்-லிஸ்ட். இம்மூன்றும் 2015 இல் இ-ஷோத்சிந்து என்ற ஒரே பெயரின் கீழ் கொண்டுவரப்பட்டன. இவை தவிர வேளாண்மைக்கு செரா, அறிவியல் ஆய்வகங்களுக்கு என்.கே.ஆர்.சி., உயிர்த்தொழில்நுட்பத்துக்கு டெல்கான் எனத் துறைவாரியாகவும் கூட்டமைப்புகள் இருந்தன.

"ஒரே நாடு ஒரே சந்தா வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு?"

2024 நவம்பர் 25 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த திட்டம் அது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 மின்னிதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், ஏறத்தாழ 1.8 கோடி மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள் என்பது அறிவிக்கப்பட்ட அளவு. வெவ்வேறு அமைச்சகங்களின் கீழ் பத்துக் கூட்டமைப்புகள் தனித்தனியே விலை பேசி, ஒரே பதிப்பகத்துக்குப் பல கைகளால் பணம் கொடுத்துவந்த நிலைக்கு அது முடிவு கட்ட முயல்கிறது. ஒருங்கிணைப்புப் பொறுப்பு இன்ஃப்ளிப்நெட்டிடம் இருக்கிறது.

ஆனால் அது இதழ்களுக்கான சந்தாத் திட்டம். முதல் விடையில் சொன்ன மூன்று வேலைகளில் ஒன்றை மட்டும், மிகப் பெரிய அளவில், செய்கிறது. அச்சு நூல் இரவலோ கூட்டு நூற்பட்டியலோ அதன் வேலையல்ல. ஆகவே டெல்நெட் போன்ற அமைப்புகளின் உறுப்பினர் கட்டணத்தைப் புதுப்பிக்கும் கோப்பு மேசைக்கு வரும்போது "இதுதான் அரசே தருகிறதே" என்று முதல்வர் திருப்பி அனுப்பினால், அந்தக் கோப்பில் இரண்டு வரி விளக்கம் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

"எங்கள் காலேஜ் லிஸ்டில் இருக்கிறதா, இல்லையா?"

ஒன்றிய அரசின் அல்லது மாநில அரசின் மேலாண்மையில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களுக்கும், ஒன்றிய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் ஒரே சந்தாத் திட்டம் பொருந்தும். அரசுப் பல்கலைக்கழகங்களும் அரசுக் கல்லூரிகளும் இதில் வரும். பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது. நிறுவனம் திட்டத்தின் இணையவாசலில் பதிவு செய்து, பொறுப்பாளர் ஒருவரின் பெயரைக் கொடுத்து, பயனர்களைச் சேர்க்கவும் வேண்டும். "இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை" என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இந்தப் பதிவு பாதியில் நின்றுபோனதால் வருபவை. பொறுப்பாளராக இருந்தவர் பணிமாறுதலில் போயிருப்பார். கடவுச்சொல் அவருடைய சொந்த மின்னஞ்சலில் இருக்கும்.

"நாங்கள் செல்ஃப் ஃபைனான்ஸ் காலேஜ். எங்களுக்கு ஒன்றுமே கிடையாதா?"

ஒரே சந்தாத் திட்டத்தின் முதல் கட்டத்தில் தனியார் நிறுவனங்கள் இல்லை. தமிழ்நாட்டில் சுயநிதிக் கல்லூரிகள் எத்தனை என்று நினைத்துப் பார்த்தால், இந்த விடுபடல் நம் ஊருக்கு எவ்வளவு பெரியது என்பது புரியும். ஆய்வு செய்யும் மாணவர் அரசுக் கல்லூரியிலா தனியார் கல்லூரியிலா படிக்கிறார் என்பதைப் பொறுத்து அவருக்குக் கட்டுரை கிடைப்பதும் கிடைக்காததும் தீர்மானமாவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இருந்தும் வழிகள் உண்டு. என்-லிஸ்ட் 6,000-க்கும் மேற்பட்ட மின்னிதழ்களையும் பெருந்தொகையான மின்னூல்களையும் கல்லூரிகளுக்குக் கொடுத்துவந்திருக்கிறது. தொடக்க ஆண்டுகளில் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கான ஆண்டுக் கட்டணம் 5,000 ரூபாய்தான். உதவி பெறாத கல்லூரிகளுக்கு அதைவிடக் கூடுதல் என்றாலும், ஒரே ஒரு வெளிநாட்டு இதழின் தனிச் சந்தாவோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகையே. டெல்நெட்டில் தனியார் கல்லூரிகளும் சேரலாம். ஷோத்கங்கா ஆய்வேட்டுக் களஞ்சியத்துக்கு உறுப்பினர் ஆகவே வேண்டாம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பல்கலைக்கழகங்கள் ஆய்வேடுகளின் மின்படியைத் தர வேண்டும் என்று 2009 இல் மானியக் குழு விதித்த விதியின் பலனாக, பல லட்சம் ஆய்வேடுகள் அங்கே சேர்ந்திருக்கின்றன.

"காலேஜில் திறக்கிற கட்டுரை வீட்டுக்குப் போனால் காசு கேட்கிறதே, ஏன்?"

கல்லூரி வளாகத்தில் நீங்கள் யார் என்பதைப் பதிப்பகத்தின் கணினி பார்ப்பதில்லை. உங்கள் கோரிக்கை எந்த ஐ.பி. முகவரியிலிருந்து வருகிறது என்பதை மட்டுமே பார்க்கிறது. அந்த முகவரி கல்லூரியின் பெயரில் பதிவாகியிருந்தால் கதவு திறக்கும். வீட்டு இணைய இணைப்புக்கு வேறு முகவரி. எனவே நீங்கள் வழிப்போக்கராகிவிடுகிறீர்கள்.

இதற்காகத்தான் இன்ஃபெட் என்ற கூட்டு அடையாள ஏற்பாட்டை இன்ஃப்ளிப்நெட் நடத்துகிறது. பதிப்பகத் தளத்தில் நிறுவனம் வழியாக உள்நுழையும் தெரிவைச் சொடுக்கி, பட்டியலில் உங்கள் கல்லூரியைத் தேர்ந்து, கல்லூரி கொடுத்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டால், "இவர் எங்கள் ஆள்தான்" என்று கல்லூரியின் கணினி பதிப்பகத்துக்கு உறுதி சொல்லும். என்-லிஸ்ட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் மின்னஞ்சலில் வரும். வரவில்லை என்று சொல்வதற்கு முன் எரிதக் (ஸ்பேம்) கோப்புறையை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

"நேற்று வரை வேலை செய்தது. இன்று காலையிலிருந்து ஒன்றுமே திறக்கவில்லை. என்ன செய்தீர்கள்?"

நூலகம் எதையும் செய்திருக்காது. முதலில் இணையத்தைப் பராமரிக்கும் பிரிவைக் கேளுங்கள். கல்லூரி வேறு இணைய நிறுவனத்துக்கு மாறியிருந்தாலோ, மின்வெட்டில் முதன்மை இணைப்பு துண்டாகி மாற்று இணைப்பு ஓடிக்கொண்டிருந்தாலோ, முந்தைய விடையில் சொன்ன ஐ.பி. முகவரி மாறிப்போயிருக்கும். புதிய முகவரியைக் கூட்டமைப்புக்குத் தெரிவித்து, அது ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் போய்ச் சேரச் சில நாட்கள் ஆகும். முகவரி மாறப்போவது முன்கூட்டியே தெரிந்தால் ஒரு வரி எழுதிப் போடும்படி இணையப் பிரிவுடன் சொல்லிவைப்பது நூலகருக்கு நல்லது.

இன்னொரு காரணம் சற்றுச் சங்கடமானது. ஒரு கல்லூரியில் மாணவர் ஒருவர், ஓர் இதழின் இருபது ஆண்டுத் தொகுதிகளையும் தானே இறக்கிக்கொள்ளும் நிரலை இரவில் ஓடவிட்டுப் போய்விட்டார். ஒரே முகவரியிலிருந்து சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான கோப்புகள் இறங்குவதைக் கண்ட பதிப்பகத்தின் கணினி, அந்தக் கல்லூரி முழுவதற்கும் அணுக்கத்தை நிறுத்தியது. விடிந்தபோது நூலகருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. ஆளைக் கண்டுபிடித்து விளக்கம் எழுதிய பிறகே கதவு மறுபடி திறந்தது. கூட்டமைப்பின் ஒப்பந்தங்களில் மொத்தமாக இறக்கம் செய்வதற்குத் தடை உண்டு.

"வேறு யூனிவர்சிட்டியில் படிக்கும் நண்பனின் பாஸ்வேர்டைப் பயன்படுத்தலாமா?"

கூடாது. அந்தப் பல்கலைக்கழகம் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அதன் ஆசிரியர்களையும் மாணவர்களையும் மட்டுமே பயனர்களாக ஏற்கிறது. விதிமீறல் தெரியவந்தால் மேலே சொன்ன நிறுத்தம் அவர்களுக்கு நேரும். நண்பருக்கே அஞ்சல் எழுதி ஒரு கட்டுரையைக் கேட்பது வேறு. ஆய்வாளர்கள் தமக்குள் அப்படிக் கொடுத்துக்கொள்வதைப் பல ஒப்பந்தங்கள் அனுமதிக்கின்றன. கட்டுரை ஆசிரியருக்கே நேராக எழுதிப் பாருங்கள். பெரும்பாலானோர் மகிழ்ச்சியுடன் அனுப்பிவைப்பார்கள்.

"லைப்ரரியில் இல்லாத புத்தகத்தை வேறு ஊர் காலேஜிலிருந்து வரவழைத்துத் தர முடியுமா?"

முடியும், ஆனால் கேட்பவர்கள் மிகக் குறைவு, தெரிந்தவர்கள் அதனினும் குறைவு. இன்ஃப்ளிப்நெட்டின் இன்ட்கேட் என்ற கூட்டு நூற்பட்டியலில் தேடினால், அந்த நூல் எந்தெந்தப் பல்கலைக்கழக நூலகங்களில் இருக்கிறது என்று தெரியும். டெல்நெட் உறுப்பு நூலகம் என்றால் அதன் பட்டியலில் தேடி, அதன் வழியாகவே இரவல் கோரிக்கை அனுப்பலாம். நூல் அஞ்சலிலோ கூரியரிலோ உங்கள் நூலகத்துக்கு வரும். வாசகர் பெயரில் வராது. நூலகத்தின் பெயரில் வந்து, நூலகத்தின் பொறுப்பில் திரும்பிப் போகும்.

நடைமுறையில் தடுப்பது தொழில்நுட்பம் அல்ல. நம் கல்லூரிகளில் ஆண்டுக்கு ஒரு முறை இருப்புச் சரிபார்ப்பு நடக்கிறது. அன்று ஒரு நூல் குறைந்தால் நூலகரிடம் விளக்கம் கேட்கப்படும், சில இடங்களில் சம்பளத்திலிருந்து பிடிப்பதும் உண்டு. அப்படியிருக்க, முன்பின் தெரியாத ஊருக்கு ஒரு நூலை அனுப்ப எந்த நூலகர் துணிவார்? இழப்பை நிறுவனம் ஏற்கும் என்று விதியில் எழுதாதவரை, "வெளியே கொடுப்பதில்லை" என்ற பதிலே வரும். கூடி வாங்குவது செழித்து, கூடிப் பகிர்வது மெலிந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

மேலும், கூட்டு நூற்பட்டியல் ஒரு முறை பதிவேற்றிவிட்டு மறந்துவிடும் பொருளன்று. சில ஆண்டுகளாகப் புதிய பதிவுகளை அனுப்பாத நூலகத்தின் இருப்பு பட்டியலில் பழையபடியே கிடக்கும். கோரிக்கை அனுப்பும் முன் அந்த நூலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, நூல் அடுக்கில் இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

"முழுப் புத்தகம் வேண்டாம், ஒரு கட்டுரைதான் வேண்டும். அதற்கும் இதே பாடுதானா?"

இல்லை, அது எளிது. கட்டுரையின் நகல் போனால் மூலம் அடுக்கிலேயே இருக்கிறது. தொலையும் அச்சம் இல்லை. யு.ஜி.சி.-இன்ஃபோநெட் காலத்திலேயே, அதிக இதழ்களை வாங்கும் சில பெரிய பல்கலைக்கழக நூலகங்களைத் தேர்ந்து, மற்றப் பல்கலைக்கழகங்களிலிருந்து ஜே.சி.சி.சி. என்ற தேடுதளம் வழியாக வரும் கோரிக்கைகளுக்குக் கட்டுரைப் படி அனுப்பும் பொறுப்பை அவற்றிடம் கொடுத்திருந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது அடுத்து வரும் கேள்வி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆய்வு உள்ளிட்ட சொந்தப் பயனுக்கான நியாயமான பயன்பாட்டை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. டெல்லிப் பல்கலைக்கழக நகலகம் தொடர்பாக டெல்லி உயர் நீதிமன்றம் 2016 இல் அளித்த தீர்ப்பை எடுத்துக்காட்டி, "இனி எதையும் நகல் எடுக்கலாம்" என்று சிலர் வாதிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு வகுப்பறைப் பாடத்துக்கான நகல்களைப் பற்றியது. மின்னிதழ்களைப் பொறுத்தவரை கூட்டமைப்பு கையெழுத்திட்ட உரிம ஒப்பந்தமும் உங்களைக் கட்டுப்படுத்தும். இன்னொரு நூலகத்துக்குக் கட்டுரைப் படி அனுப்பலாமா, அச்சிட்டுத்தான் அனுப்ப வேண்டுமா, கோப்பாகவே அனுப்பலாமா என்பது பதிப்பகத்துக்குப் பதிப்பகம் மாறுபடுகிறது.

"சந்தாவை நிறுத்திவிட்டால், இத்தனை வருடம் காசு கட்டிய ஜர்னல்கள் நம்மிடம் இருக்குமா?"

எல்லாருடைய மனத்திலும் இருக்க வேண்டிய கேள்வி இது. அச்சிதழ் காலத்தில் சந்தா நின்றாலும் வாங்கிய தொகுதிகள் அடுக்கில் இருந்தன. மின்னிதழ்ச் சந்தா பெரும்பாலும் வாடகை வீடு போன்றது. வாடகை நின்ற மாதமே சாவியைக் கொடுத்துவிட வேண்டும். சந்தா செலுத்திய ஆண்டுகளுக்கு மட்டும் நிரந்தர அணுக்கம் தரும் பிரிவைச் சில ஒப்பந்தங்களில் பேசிச் சேர்க்க முடிகிறது. அந்தப் பிரிவு இருக்கிறதா என்பதை விலையைப் பார்ப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும் என்பேன்.

பதிப்பகமே மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதற்காக லாக்ஸ், போர்ட்டிகோ போன்ற காப்பகத் திட்டங்கள் உலக அளவில் இயங்குகின்றன. ஆனால் அவை முக்கியமாகப் பதிப்பகம் மறைந்துபோகும் நிலைக்கான காப்பு. நம் அரசு ஒரு மூன்றாண்டுத் திட்டத்தைப் புதுப்பிக்காமல் விட்டால் அவை உதவிக்கு வரமாட்டா. ஒரே சந்தாவை நம்பி அச்சுத் தொகுதிகளை எடைக்குப் போடும் கல்லூரிகள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். அருகிலுள்ள இன்னொரு நூலகத்தில் அதே தொகுதி முழுமையாக இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் எதையும் கழிக்காதீர்கள்.

"யாருமே படிக்காத ஜர்னலுக்கெல்லாம் ஏன் பணம் கட்டுகிறோம்?"

பதிப்பகங்கள் தமது இதழ்களை மூட்டையாகவே விற்க விரும்புகின்றன. உங்களுக்கு வேண்டிய நாற்பது இதழ்களைத் தனியாகக் கேட்டால் வரும் விலையும், எண்ணூறு இதழ்களை மொத்தமாக எடுத்துக்கொண்டால் வரும் விலையும் அருகருகே இருக்கும்படி கணக்குப் போட்டிருப்பார்கள். நூலகம் மூட்டையை எடுக்கும். சில ஆண்டுகளில் மூட்டையின் விலை ஏறி, நிதி முழுவதையும் விழுங்கும். அந்தப் பதிப்பகத்தைச் சேராத சிறிய இதழ்களுக்கும் நூல்களுக்கும் பணம் இராது. பெரிய கூட்டமைப்புகளின் மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டுகளில் மிகவும் நியாயமானது இதுவே.

எந்த இதழ் எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதைக் கவுன்ட்டர் என்ற பொது நெறிமுறைப்படி பதிப்பகங்கள் அறிக்கையாகத் தருகின்றன. அந்த அறிக்கையை ஆண்டுக்கொரு முறையாவது துறைத் தலைவர்களுடன் உட்கார்ந்து பாருங்கள். ஆனால் எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள்: மூன்று பேர் உள்ள கணிதத் துறையில் ஓர் இதழ் குறைவாகவே திறக்கப்படும், அந்த மூவருக்கும் அது இன்றியமையாததாக இருக்கலாம்.

"கூட்டமைப்பு நினைத்தால் பதிப்பகத்தோடு மோத முடியுமா? மோதினால் நாம்தானே பட்டினி கிடப்போம்?"

மோதியவர்கள் உண்டு. சுவீடனின் பிப்சாம் கூட்டமைப்பு 2018 இல் எல்செவியருடனான ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தது. பத்து வளாகங்களைக் கொண்ட கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 2019 பிப்ரவரியில் அதே பதிப்பகத்துடனான பேச்சை முறித்துக்கொண்டது. இரண்டாண்டுகள் கழித்து, 2021 மார்ச்சில், தன் ஆய்வாளர்கள் எழுதும் கட்டுரைகள் எல்லாரும் படிக்கும்படி திறந்து வெளியிடப்படும் என்ற ஏற்பாட்டுடன் புதிய ஒப்பந்தம் செய்துகொண்டது. ஜெர்மனியின் டீல் கூட்டமைப்பு எல்செவியருடன் உடன்பாட்டுக்கு வர 2023 வரை காத்திருந்தது.

இடைப்பட்ட காலத்தில் அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதில்தான் நமக்கான செய்தி இருக்கிறது. நூலகங்களுக்கிடையிலான இரவல் அங்கே நன்றாக இயங்கிக்கொண்டிருந்தது. வேண்டிய கட்டுரையை வேறு நூலகத்திலிருந்து விரைவில் பெற்றுத்தர முடிந்தது. எழுந்துபோக முடிகிறவருக்கே பேரத்தில் வலு இருக்கும். இரவல் முறையைச் சீர்செய்யாமல் பேரம் பேசப் போகிற கூட்டமைப்பை, இவர்கள் எப்படியும் கையெழுத்திட்டே ஆக வேண்டும் என்று பதிப்பகம் எடை போட்டுவிடும்.

"சை-ஹப்பில் எல்லாமே கிடைக்கும்போது இத்தனை கோடி எதற்கு சார்?"

வெளிப்படையாகவே பேசலாம், இந்தக் கேள்வியைத் தாழ்ந்த குரலில் கேட்காத ஆய்வு மாணவர் குறைவு. எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் ஆகியவை சேர்ந்து 2020 இறுதியில் கட்டணக் கட்டுரைகளைப் பதிப்பகங்களின் அனுமதியின்றி இலவசமாகத் தரும் அந்தத் தளத்துக்கு எதிராக டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. நிறுவனத்தின் நூலகர் என்ற இடத்திலிருந்து அதை யாருக்கும் பரிந்துரைக்க இயலாது. அதோடு, எது இருக்கும், எது நாளை இராது, கோப்பு திருத்தப்பட்ட பதிப்பா, திரும்பப் பெறப்பட்ட கட்டுரையா என்பதற்கு அங்கே பொறுப்பேற்பவர் எவரும் இல்லை. தேவை ஒரு கட்டுரை என்றால், ஒன்பதாவது விடையில் சொன்ன நேரான வழியே பல நேரங்களில் போதும்.

"6,000 கோடியை வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குக் கொடுப்பதற்குப் பதிலாக, நம் ஆய்வுகளையே இலவசமாகத் திறந்துவிட்டிருக்கலாமே?"

கற்றவர்களிடையே கருத்து பிளவுபட்டிருக்கும் இடம் இது. ஒரு தரப்பு, இன்று ஆய்வு செய்யும் மாணவருக்கு இன்றே கட்டுரை வேண்டும், பத்தாண்டுகள் காத்திருக்கச் சொல்ல முடியாது என்கிறது. மறு தரப்பு, உலகெங்கும் கட்டுரைகள் மெல்ல மெல்லத் திறந்த அணுக்கத்துக்கு மாறிவரும் நேரத்தில், மூடிய இதழ்களுக்கான சந்தாவில் இவ்வளவு பெருந்தொகையை இறக்குவது காலம் கடந்த முடிவு என்கிறது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

என் சாய்வு இதுதான்: சந்தா வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. மக்கள் பணத்தில் சம்பளம் பெறுபவர் எழுதிய கட்டுரையை மக்கள் பணத்தாலேயே திரும்ப வாங்கிப் படிக்கும் நிலை தொடரக் கூடாது என்றால், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் ஆசிரியர்களின் கட்டுரைகளைத் தன் களஞ்சியத்தில் சேமிக்க வேண்டும். ஆய்வேடுகளில் ஷோத்கங்கா அதைச் செய்து காட்டிவிட்டது. கட்டாயம் என்று ஒரு விதி வந்த பிறகே அது சாத்தியமாயிற்று என்பதை மறக்க வேண்டாம். ஆசிரியரிடம் பெருந்தொகை கேட்டுத் திறந்து வெளியிடும் இதழ்களை இதற்குத் தீர்வாகக் காட்டுவோரும் உண்டு. அந்தக் கட்டணத்தை நம் கல்லூரி ஆசிரியர்களில் எத்தனை பேரால் கட்ட முடியும்?

"இத்தனையிலும் தமிழ் எங்கே? தமிழ்த்துறைக்கு இதனால் என்ன பயன்?"

நேரான பயன் குறைவு. பெரிய பதிப்பகங்களின் தொகுப்புகளில் தமிழ் ஆய்விதழ்கள் இல்லை. தமிழைப் பற்றி ஆங்கிலத்தில் வெளிவரும் கட்டுரைகள் கிடைக்கும். ஷோத்கங்காவில் தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன. பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பொதுவில் திறந்திருக்கிறது.

ஆனால் தமிழ் நூல்களைக் காப்பதில் நூலகக் கூட்டுறவுக்கு இருக்கும் பங்கு பலரும் அறியாதது. அமெரிக்கா இந்தியாவுக்குக் கொடுத்த கோதுமைக்கான விலை ரூபாயாக இங்கேயே தேங்கிக் கிடந்தது. 1962 முதல் அந்தப் பணத்தின் ஒரு பகுதியில் இந்திய மொழி நூல்கள் வாங்கப்பட்டு, அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன; தமிழ் நூல்களும் அவற்றில் சேரும். தெற்காசிய ஆவணங்களை நுண்படச் சுருளில் பதிவு செய்யும் சாம்ப் என்ற கூட்டுத் திட்டத்தை அமெரிக்க நூலகங்கள் 1967 இல் தொடங்கின. கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த பெருந்தொகுப்பை அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியபோது, அதைக் கப்பலேற்றாமல் சென்னையிலேயே நூலகமாக நிறுவியது. 1994 இல் தொடங்கிய அந்த ஆராய்ச்சி நூலகத்தை இன்று தமிழ் ஆய்வாளர்கள் அனைவரும் பயன்படுத்துகிறார்கள். இப்படி ஒரு கூட்டுப் பொறுப்பைத் தமிழ்நாட்டுக் கல்லூரி நூலகங்கள் தமக்குள் ஏற்றுக்கொண்டதில்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது.

"எங்கள் ஊரில் நான்கு காலேஜ்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நாங்களே சின்னதாக ஒன்று தொடங்கலாமா? யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?"

தொடங்கலாம். நான்கு முதல்வர்கள் கையெழுத்திட்ட இரண்டு பக்க உடன்படிக்கை போதும். மின்னிதழ்களைத் தொடாதீர்கள், ஒரு கல்லூரியின் உரிமத்தை மற்றொன்று பயன்படுத்த முடியாது. அச்சு நூல்களோடும் பழைய இதழ்த் தொகுதிகளோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். நான்கு நூலகங்களும் கோஹா போன்ற கட்டற்ற மென்பொருளில் இருந்தால் பட்டியல்களை இணைப்பது கடினமான வேலையன்று. இல்லாவிட்டாலும் மாதம் ஒரு முறை ஒவ்வொருவரும் தம் பட்டியலை விரிதாளில் அனுப்பி ஒரே கோப்பாக்கலாம். தொடங்கும் ஆண்டில் ஆசிரியர்களுக்கும் முனைவர் பட்ட மாணவர்களுக்கும் மட்டும் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, அன்று ஓர் அலுவலக உதவியாளர் நான்கு இடத்துக்கும் போய்வரும்படி ஏற்பாடு செய்யுங்கள். விலையுயர்ந்த பார்வை நூல்களை யார் எந்தத் துறைக்கு வாங்குவது என்று பிரித்துக்கொண்டால் செலவும் மிஞ்சும்.

உடன்படிக்கையில் தவறாமல் எழுத வேண்டியவை: எத்தனை நூல், எத்தனை நாள், தேர்வுக் காலத்தில் எந்த நூல்கள் வெளியே போகா, தாமதக் கட்டணம் உண்டா. இவற்றைவிட முக்கியமாக, நூல் தொலைந்தால் இரவல் பெற்ற நூலகமே கொடுத்த நூலகத்துக்குப் பொறுப்பு என்றும், அதை மாணவரிடமிருந்து வசூலிப்பது அந்தக் கல்லூரியின் உள் விவகாரம் என்றும், இரவலில் உள்ள நூல் இருப்புச் சரிபார்ப்பில் குறைவாகக் கொள்ளப்படாது என்றும் மூன்று வரிகள் எழுதி, அவற்றின் கீழ் முதல்வரோடு கணக்கு அலுவலரின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.